ஊசாத் தண்ணிப் பல்

சனிக்கிழமை எலினாமியின் மகளுக்குக் கல்யாணத்துக்கு முந்தின வழியனுப்பு விருந்து. திங்கட்கிழமை காலை நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது எலினாமி வந்து எதிரே உட்கார்ந்து, தன் முன்பல்லை என் டீ சாசரில் வைத்தாள்.

வெள்ளைச் சோளமணி ஒன்று விழுந்து கிடக்கிறது என்று நினைத்து நான் அதைச் சுண்டி எறியப் போனேன்.

“எறிஞ்சிருங்கக்கா,” என்றாள், காங்காத் துணியால் வாயை மூடிக்கொண்டு. “உங்க தம்பி ஒரு மாசமா உக்காந்து செஞ்சது.”

என் தம்பி என்று அவள் சொன்னது அவள் புருஷன் லோத்தியை. கூடப் பிறந்தவன் இல்லை, ஆனாலும் தம்பிதான். ஊசா ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில், அருஷா போகிற சாலையை ஒட்டி, ஒரே கூரைக்குக் கீழே எங்களுக்கு மூன்று கதவு. முதல் கதவு டாக்டர் ஷபானியின் பல் ஆஸ்பத்திரி. நடுக்கதவு லோத்தி பல் செய்கிற அறை. கடைசிக் கதவு என் சாப்பாட்டுக் கடை. டாக்டர் பிடுங்குவார், லோத்தி செய்வான், அதைக் கொண்டு கடிக்க நான் ஆக்கிப் போடுவேன். பதினாறு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

சாசரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பல் என்னவோ அருமையான பல். முத்து கெட்டது போங்கள்.

“இதுல என்னடி குறை? வழுவழுன்னு இருக்கு.”

“அதான் குறை. கண்ணாடில பாத்தேன். எம்பல்லு எல்லாம் வீட்டாளுங்க மாதிரி வரிசையா நிக்குதுங்க. நடுவுல ஒரு டூரிஸ்ட்டு வந்து நின்னு போட்டோ எடுக்கறான்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை. காலையில் டாக்டர் திருகி மாட்டிய பல்லைச் சண்டை போட்டுக் கழற்றச் சொல்லி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

எங்கள் தண்ணீர் அப்படி. மேரு மலைக்குள்ளிருந்து வருகிற ஊற்று, குடிக்க இனிக்கும், ஆனால் பல் முளைக்குமுன்னே அதற்குள் போய்ப் பழுப்பேற்றிவிடும். இங்கே பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் உண்டு. போதகருக்கும் உண்டு, போலீஸ்காரனுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. கரி போட்டுத் தேய்த்தாலும் போகாது. அருஷா சந்தையில் போய் வாயைத் திறந்தால் போதும், “ஊசாவா நீங்க?” என்று கேட்டுவிடுவார்கள். அதனால்தான் கொஞ்சம் வசதி வந்தவர்கள் எல்லாம் லோத்தியிடம் வந்து பல்லை மூடி வெள்ளையாக்கிக்கொண்டு போகிறார்கள். அவன் கைவண்ணத்தில் சிலருக்கு, ஆள் சாலை வளைவில் திரும்புமுன்னே பல் வந்துவிடும். லோத்திக்கு மட்டும் பழைய பழுப்புப் பல்தான். கேட்டால், “நான் யாருக்கக்கா காட்டணும்?” என்பான்.

எலினாமிக்குப் பல் போனது டிசம்பரில். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்கும்போது ஈரத்தில் கழி வழுக்கி வாயில் அடித்தது. மேல்வரிசையில் நடுப்பல் இரண்டில் ஒன்று வேரோடு போயிற்று. டாக்டர் தாடை எலும்பில் ஒரு திருகாணியைப் பதித்தார். அது எலும்போடு ஒட்டி இறுக ஆறு மாசம் ஆகும், அப்புறம் அதன் மேல் பல்லை வைத்துத் திருகலாம் என்றார். அந்த ஆறு மாசமும் அவள் காங்காவை வாயிலிருந்து எடுக்கவில்லை. எங்கள் தெருவில் குலவை என்றால் எலினாமிதான். அவள் ஒரு தரம் நாக்கைச் சுழற்றினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாடு தலை தூக்கிப் பார்க்கும். அந்தக் குலவையும் டிசம்பரோடு நின்றது. என் மகன் ஃபனுவேலுக்குக் குழந்தை பிறந்தபோதுகூடச் சும்மா கையைத்தான் தட்டினாள். எனக்கு அதில் வருத்தம்தான், வெளியே சொல்லவில்லை.

பல்லைத் தேடிக்கொண்டு லோத்தியே வந்துவிட்டான். சட்டையெல்லாம் பீங்கான் மாவு.

“அக்கா, நீங்களே சொல்லுங்க. இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒரு பல்லு நான் செஞ்சதில்ல. ஓரத்தப் பாருங்க, வெளிச்சம் உள்ள போயிட்டு வரும்.”

“நல்ல பல்லுதான் லோத்தி. யாருக்குச் செஞ்ச?”

“இவளுக்குத்தான்.”

“இவ வாயப் பாத்தியா?”

“இருபத்தாறு வருஷமா பாக்கறேன்.”

“பாத்த லட்சணம் தெரியுது.”

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “இத மட்டும் பாத்தா அப்படித்தான் இருக்கும். மிச்சத்தையும் லேசா அராவி மூடிட்டேன்னா ஒரே சீரா வந்துரும். ஆனாசியாவுக்குப் பண்ணலியா? எப்படி இருக்கா.”

ஆனாசியா அவர்கள் மகள். டார் எஸ் சலாமில் வங்கி வேலைக்குப் போகுமுன் அப்பாவிடம் அடம்பிடித்து முன்பல் ஆறையும் மூடிக்கொண்டு போனாள். அங்கேதான் மாப்பிள்ளையைப் பார்த்தது. மாப்பிள்ளைக்கும் அவன் வீட்டுக்கும் இந்தச் சங்கதி தெரியாது. பரிசம் பேச வந்ததும் அவன் சித்தப்பாமார் இரண்டு பேர்தான். அவன் அம்மா சனிக்கிழமைதான் முதல் தடவையாக வருகிறாள்.

“அவ சின்னப் பொண்ணு, ஆசைப்பட்டா, செஞ்சுகிட்டா,” என்றாள் எலினாமி. “எனக்கு எதுக்கு? நல்லா இருக்கற பல்ல நான் ஏன் அராவணும்? போனது ஒண்ணு. அந்த ஒண்ண எப்படி இருந்துச்சோ அப்படிக் குடுங்க.”

“கறையோடயா?”

“கறையோடதான்.”

“எலினாமி, நான் கறைய எடுக்கற ஆளு. எங்கையால கறை வெச்சு ஒரு பல்லு வெளிய போச்சுன்னா…”

“அப்ப நான் சனிக்கிழமை வாயத் தொறக்கல. குலவைய உங்க தங்கச்சி போடட்டும்.”

வழியனுப்பு விருந்தில் பெற்றவள்தான் பெண்ணைக் கையில் பிடித்துக் கொடுத்து முதல் குலவை போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பல்லை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவன் பாதிமனசோடு ஒரு வேலை செய்தான். அதே வெள்ளைப் பல்லின் மேல் பழுப்புச் சாயம் தீட்டிச் சுட்டுக் கொண்டுவந்தான். டாக்டர் திருகினார். நானும் கையைத் துடைத்துக்கொண்டு பார்க்கப் போனேன்.

“என்னக்கா?” என்றான் லோத்தி.

“டீ குடிச்சிட்டு வாய் கொப்பளிக்காத மாதிரி இருக்கு.”

டாக்டர் ஷபானி தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் டாங்கா கடற்கரைக்காரர், பல் தேங்காய்ப்பூ மாதிரி இருக்கும். “எனக்கு ஒண்ணும் புரியலம்மா,” என்றார். “ஊரே கறைய எடுங்க எடுங்கன்னு என் வாசல்ல நிக்குது. நீங்க ஒரு ஆளு கறைய வைங்கன்னு நிக்கறீங்க.”

“டாக்டர், உங்க தென்னையில ஒரு காய் விழுந்துட்டா அந்த எடத்துல பிளாஸ்டிக் காய் கட்டுவீங்களா?”

“கட்ட மாட்டேன்.”

“அப்ப கழட்டுங்க.”

லோத்தி பல்லை வாங்கிக்கொண்டு போனான். மத்தியானம் என் கடைக்கு வந்து வாழைக்காயும் இறைச்சியும் வேகவைத்த குழம்பை வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தான். ரோசக்காரன். இரண்டு தரம் தோற்ற மாதிரி அவனுக்கு.

“அக்கா,” என்றான் கடைசியில், “பல்லு நிறம் பாக்கற சாம்பிள் அட்டையில கம்பெனிக்காரன் பதினாறு பல்லு குடுத்திருக்கான். பதினாறுலயும் நம்ம பல்லு இல்ல. எந்த ஊர்ல உக்காந்து எவன் செஞ்சானோ.”

“உன் எதுக்க உக்காந்திருக்குதே ஒரு அட்டை,” என்று என் வாயைத் திறந்து காட்டினேன்.

அவன் கிட்டே வந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். “அது மேல இல்லக்கா,” என்றான். “உள்ள இருக்கு. உள்ளயிருந்து மேல வருது.” குழம்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனான்.

புதன்கிழமை காலை தூறல் நின்று மலைக்கு மேல் வெள்ளை மேகம் மூடியிருந்தது. ஜூன் மாதக் குளிர், அடுப்பை விட்டு நகர மனசு வராது. லோத்தி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் கடை வாசலில், சாலையைப் பார்த்துப் போட்டான். அறைக்குள் விளக்கு வெளிச்சம் பொய் சொல்லுமாம். மேகம் மூடிய பகல் வெளிச்சம்தான் வேண்டுமாம். எலினாமியை உட்கார வைத்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குந்தினான். போன பல்லுக்கு ஜோடிப் பல் பக்கத்தில் இருக்கிறதே, அதைத்தான் பார்க்கிறான்.

“துணிய எடு.”

“ரோட்டுலயா?”

“இங்கதான் வெளிச்சம்.”

எடுத்தாள். ஆறு மாசத்துக்கு அப்புறம்.

“வாய மூடு. நாக்கால நனைச்சுக்க. காஞ்சா நிறம் மாறிரும். இப்பத் தொற. மூடு. நனை. சிரி.”

“சிரிப்பு வந்தாத்தானே.”

வாழைத்தார் சுமந்துகொண்டு போன பெண்கள் நின்றுவிட்டார்கள். மோட்டார்சைக்கிள்காரன் ஒருத்தன் இன்ஜினை அணைத்துவிட்டு, “என்ன மாமா, வயசு காலத்துல நடுரோட்டுல உக்காந்து அத்தை மொகத்தையே பாத்துகிட்டிருக்கீங்க?” என்றான்.

“வேலைடா.”

“இந்த மாதிரி வேலை எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க.”

எலினாமி உதட்டைக் கடித்தாள். லோத்தி என்னைப் பார்த்து, “அக்கா, எதையாவது சொல்லி இவளச் சிரிக்க வைங்க,” என்றான். எனக்குச் சொல்ல விஷயமா இல்லை? அவன் பெண் கேட்டு வந்த அன்றைக்கு நான் எலினாமிக்குப் பக்கத்து வீடு. மழைக்காலம். வாழைப்பழக் கள்ளுக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மரியாதையாக நடந்து வந்தவன், வாசல் சேற்றில் வழுக்கி மொத்தக் கள்ளையும் மாமனார் மடியில் கொட்டினான். கிழவர் எழுந்திருக்கவே இல்லை. கட்டியிருந்த துணியைப் பிழிந்து கோப்பையில் விட்டுக் குடித்துப் பார்த்துவிட்டு, “கள்ளு நல்லாத்தான் இருக்கு, பொண்ணக் குடுக்கலாம்,” என்றார். நான் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். எலினாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், ஓட்டைப் பல் தெரிய, ரோடே பார்க்க.

“அப்படியே இரு,” என்றான் லோத்தி.

நோட்டில் பெரிதாக ஒரு பல்லை வரைந்து பென்சிலால் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தான். பேச்சு தானாக வந்தது, அவளிடமா என்னிடமா என்று தெரியாமல்.

“பல்லு கீழ் ஓரத்துலேருந்துதான் உருவாகுது. ஓரம் பாருங்க, தெளிவா இருக்கு. அது இவ தாய்ப்பால் குடிச்ச காலம். அதுக்கு மேல பழுப்பு, நம்ம தண்ணி குடிக்க ஆரம்பிச்சுட்டா. ஈறுகிட்ட சுண்ணாம்பு மேகம் மாதிரி வெள்ளைத் திட்டு, அது நாலு வயசு. நடுவுல…” பென்சில் நின்றது. “நடுவுல நூல் கனத்துக்கு ஒரு கோடு. இதுல பழுப்பே இல்ல. ரெண்டு, ரெண்டரை வயசு இருக்கும். அப்ப நீ இந்தத் தண்ணி குடிக்கல. எங்க போயிருந்த?”

எலினாமி நாக்கால் அந்தப் பல்லைத் தடவிப் பார்த்தாள்.

“தம்பி பொறந்தப்ப அம்மாவுக்கு ஒடம்பு முடியாமப் போச்சு. என்னைய மச்சாமே ஊர்ல அத்தை வீட்டுல விட்டிருந்தாங்களாம். நாலஞ்சு மாசம். எனக்கு ஞாபகமே இல்ல, அம்மா சொல்லித்தான் தெரியும்.” அவள் குரல் இறங்கியது. “தெனமும் வாசல்ல நின்னு அழுவேனாம். இத நான் உங்ககிட்ட சொன்னதே இல்லியே.”

“சொன்னதில்ல.”

“அது அதுலயா இருக்கு?”

“அதுலதான் இருக்கு.” அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். “நான் தெனம் பத்துப் பல்லு பாக்கறேன் எலினாமி. கறைன்னு மட்டும்தான் பாத்திருக்கேன்.”

டீ போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அன்று அவன் அறைக்கு டீ கொண்டுபோன போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். பழுப்புப் பீங்கான் மாவு ஒரு சின்னக் குப்பியில் அடியில் இறுகிக் கிடந்தது. கடைவாய்ப் பல்லின் பள்ளத்துக்கு எப்போதாவது தொட்டு வைக்கிறதாம். அதைச் சொட்டுத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மயிரிழைத் தூரிகையால் எடுத்து, பல் வடிவத்தில் செய்துவைத்த கூட்டின் மேல் ஒரு படை. அதன் மேல் வெள்ளைத் திட்டு. அதன் மேல் கண்ணாடி மாவு மெல்லிசாக ஒரு படை. சின்ன உலைக்குள் வைத்துச் சுட்டால் பீங்கான் சுருங்கும். அதனால் எல்லாவற்றையும் கொஞ்சம் பெரிதாகவே செய்ய வேண்டும், கோட்டையும் கொஞ்சம் தள்ளியே போட வேண்டும். முதல் பல்லில் கோடு இடம் மாறிவிட்டது. இரண்டாவதில் பழுப்பு கருகிவிட்டது. மூன்றாவதை எடுத்து வாசல் வெளிச்சத்தில் நோட்டுப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினான். வைரப்பொடி ஊசியால் அதன் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத வரி வரியாகக் கீறினான். ரொம்ப மழமழப்பாக இருந்தால் பல் பொய்யாம்.

வியாழக்கிழமை மத்தியானம் டார் பஸ்ஸில் ஆனாசியா வந்து இறங்கினாள். பெட்டியை என் கடையில் போட்டாள். “அத்தை, லோஷோரோ இருக்கா?” என்றுதான் முதல் வார்த்தை. சோளமும் புளித்த பாலும் அந்த டாரில் எங்கே கிடைக்கும்? இரண்டு கிண்ணம் குடித்தாள். அதற்குள் அம்மா வந்தாள், அப்பா ஒரு தட்டில் இரண்டு பல்லை எடுத்துக்கொண்டு வந்தான். ஒன்று பழுப்புச் சாயத்தை எடுத்துவிட்டு மறுபடி மெருகேற்றிய வெள்ளை. இன்னொன்று புதுசு.

ஆனாசியா பழுப்புப் பல்லைப் பார்த்தாள். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“அப்பா, இது என்ன?”

“அம்மா பல்லு.”

“வெள்ளைதானே வைக்கறதா இருந்துச்சு? மிச்சத்தையும் மூடறதா சொன்னீங்க?”

“நான் வேணாம்னுட்டேன்,” என்றாள் எலினாமி.

“அம்மா, அவங்க வீட்டுக்குத் தெரியாது.” ஆனாசியா மெதுவாகத்தான் சொன்னாள், அழுகை முட்டிக்கொண்டு நின்றது. “எம்பல்ல அவங்க யாரும் பாத்ததில்ல. நீ வாயத் தொறந்தா அவங்களுக்கு என்னையத் தெரிஞ்சு போயிரும். அவங்கம்மா பல்லு எப்படி இருக்கும் தெரியுமா? அப்பா செஞ்ச பல்லு தோத்துப் போயிரும்.”

“உன்னைய எதுக்குக் கட்டிக்கறான் அந்தப் பையன், பல்லுக்கா?”

“உனக்குத் தெரியாதும்மா. மூடாமப் போயிருந்தா ஆபீஸ்ல என்னையத் துருப்பிடிச்ச பல்லுக்காரின்னு சொல்லியிருப்பாங்க.”

கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கோப்பைக்குள் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் அதே பல்தானே. ஆனாசியாவுக்கும் அது உறைத்தது, தலையைக் குனிந்துகொண்டாள். நான் கோபப்படத்தான் பார்த்தேன், வரவில்லை. குழந்தை அங்கே தனியாக என்ன பட்டாளோ.

எலினாமி எழுந்து மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “வெள்ளைய வெச்சுக்கறேன்டி,” என்றாள். “நீ சொன்னா வெச்சுக்கறேன். ஆனா வாய மூடிகிட்டு நிப்பேன். அது என் வாய் இல்ல, அதுலேருந்து எனக்குச் சத்தம் வராது. உன் சின்ன அத்தை குலவை போடுவா. சரியா?”

ஆனாசியா அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். லோத்தி தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றான். அவன் யாருக்குச் சொல்லுவான்? இரண்டும் அவன் கையால் செய்தது, இரண்டு பேரும் அவன் ஆட்கள்.

“சின்ன அத்தை குலவை போட்டா ஆடு கத்தற மாதிரி இருக்கும்,” என்றாள் ஆனாசியா கடைசியில்.

“ஆமா, இருக்கும்.”

“உன் இஷ்டம்மா. போடு. நீயே போடு.” சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று வீட்டுக்குப் போனாள். அது சம்மதம் இல்லை, வேறு வழி இல்லாத பேச்சு. எலினாமி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டர் பழுப்புப் பல்லைத் திருகினார். திருகு போன பின்பக்கத்துத் துளையை அடைத்தார். விளக்கைத் தள்ளிவிட்டு எலினாமியை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்தார். பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“லோத்தி, நான் எந்தப் பக்கம் திருகினேன்?” என்றார்.

லோத்தி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். இருபத்தாறு வருஷத்தில் அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை தேவாலயத்து மைதானத்தில் பந்தல். சமையல் பொறுப்பு என்னுடையது. விடியுமுன்னே அடுப்பு மூட்டி நாற்பது கிலோ அரிசிக்குப் பிலாவும், தோட்டத்து வாழைக்காய் முழுக்க உரித்துக் குழம்பும் ஏற்றிவிட்டேன். முழு ஆட்டை நெருப்பில் வாட்டி, நிற்கிற மாதிரி தட்டில் நிறுத்தி, வாயில் கீரையைக் கவ்வ வைத்து அலங்காரம் செய்திருந்தார்கள். பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸிலிருந்து இறங்கி ஆடிக்கொண்டே வந்தார்கள். முன்னால் மாப்பிள்ளையின் அம்மா, பெர்த்தா என்று பேர். வாட்டசாட்டமான பெண். ஆனாசியா சொன்னது சரிதான், வாயில் பால் ஊற்றி வைத்த மாதிரி பல்.

பெற்றவளைக் கூப்பிட்டார்கள். எலினாமி மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் வந்தாள். காங்கா தோளில் கிடந்தது. ஆனாசியாவின் முகம் செத்துப்போயிருந்தது. பரிமாறுகிற கரண்டியோடு நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ரொம்பப் பேசத் தெரியாது எனக்கு,” என்றாள் எலினாமி. “இவளுக்குச் சமைக்கத் தெரியாது, அத மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். கோவம் வந்தா பேச மாட்டா, அப்பச் சாப்பாடு போட்டாப் போதும். எங்க வீட்டுல ஒரே சிரிப்பு இவதான். எடுத்துகிட்டுப் போங்க.”

அப்புறம் தலையைப் பின்னால் சாய்த்தாள். வாயை முழுசாகத் திறந்தாள். ஆறு மாசக் குலவை. என் பேரப்பிள்ளைக்குப் போடாத குலவை, ஈஸ்டருக்குப் போடாத குலவை எல்லாம் சேர்ந்து வந்தது. நிற்கவே இல்லை. எங்கள் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து சேர்ந்துகொண்டார்கள், கரண்டியைத் தூக்கிப் பிடித்து நானும் போட்டேன். ஆனாசியா அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு கேவினாள்.

பெர்த்தா மட்டும் குலவை போடவில்லை. எலினாமியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனாசியாவும் அதைப் பார்த்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் பெர்த்தா தன் தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே லோத்தியும் எலினாமியும் உட்கார்ந்திருந்த மேசைக்கு வந்தாள். ஆனாசியா அவசரமாக அம்மா நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். குழம்பு ஊற்றுகிற சாக்கில் நானும் போனேன்.

“சம்பந்தி, நீங்கதானே பல்லு செய்யறவரு?”

“ஆமாங்க,” என்றான் லோத்தி.

“எம்மருமவளுக்குச் செஞ்சதும் நீங்கதானா?”

ஆனாசியா நாற்காலியை இறுக்கிப் பிடித்தாள். லோத்தி மகளைத் திரும்பிப் பார்த்தான். பெர்த்தா கையை ஆட்டினாள். “அவளப் பாக்காதீங்க. மொத மொத வீட்டுக்குக் கூட்டிகிட்டு வந்தானே, அன்னிக்கே எனக்குத் தெரியும். சிரிக்கறப்ப மேலுதட்ட இழுத்து மூடறா. பல்ல மூடினவங்கதான் அப்படிச் சிரிப்பாங்க. நான் இருபத்தெட்டு வருஷமா அப்படித்தான் சிரிக்கறேன்.”

“நீங்களுமா?” என்றேன் நான், குழம்புக் கரண்டி அந்தரத்தில்.

“நான் சிங்கிடாக்காரிம்மா. உங்க தண்ணியெல்லாம் ஒரு தண்ணியா? எங்க தண்ணியக் குடிச்சுப் பாக்கணும்.”

“எங்க தண்ணிக்கு என்ன குறைச்சல்?” என்று எலினாமி சண்டைக்கு நிமிர்ந்தாள்.

பெர்த்தா சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி லோத்தியிடம், “பொண்ணுக்கு அவ்வளவு அழகா மூடியிருக்கீங்க. வீட்டம்மாவுக்கு ஒண்ணு கூடச் செய்யாம விட்டுட்டீங்களே, ஏன்?” என்றாள்.

நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். எலினாமி முழங்கையை மேசையில் ஊன்றி முன்னால் குனிந்தாள். “செஞ்சிருக்காரு. ஒண்ணு இவரு செஞ்சது. எதுன்னு சொல்லுங்க பாப்போம்.”

பெர்த்தா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். எலினாமி ஈ என்று காட்டினாள். பெர்த்தா இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், கடைசியில் விரலை நீட்டினாள்.

“அது ஆண்டவர் குடுத்தது,” என்றாள் எலினாமி.

“அப்ப இது.”

“அதுவும் அவர்தான்.”

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. ஆனாசியா. உதட்டையெல்லாம் மறந்து, சின்னப் பிள்ளையில் சிரிப்பாளே அந்த மாதிரி, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எலினாமியும் சேர்ந்துகொண்டாள்.

பெர்த்தா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்னதும் இப்படித்தான் இருந்துச்சு,” என்றாள். “நடுவுல ஒரு வரி, ஈறுகிட்ட கொஞ்சம் அழுத்தமா. எங்கம்மாவுக்கும் அப்படியே. சிரிச்சா ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு சொல்லுவாங்க. மூடினதுக்கு அப்புறம் எங்கம்மா செத்துட்டா. இப்பக் கண்ணாடில எவ்வளவு தேடினாலும் அவ சாடை வரல.” அவள் லோத்தியை நிமிர்ந்து பார்த்தாள். “எம்பையன் எம்பல்லப் பாத்ததே இல்ல சம்பந்தி. எனக்குத் திரும்பச் செஞ்சு குடுப்பீங்களா?”

லோத்தி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டான்.

“கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க,” என்றான்.